நடுரோட்டில் ஒரு வலை

"ஏம்மா திரௌபதி, ஊர்ல வேற எடமே இல்லையா? நெடுஞ்சாலைக்கு நடுவுலதான் வந்து வலை கட்டணுமா?"

ஏட்டு வேதாசலம் கத்தியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் திரௌபதி வலை ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள். ஆரம்பாக்கம் தாண்டி, சாலையை இரண்டாகப் பிரிக்கும் அரளிச்செடித் தடுப்பை ஊர்க்காரர்கள் ஓரிடத்தில் உடைத்து, பைக் போகிற அளவுக்கு வழி பண்ணியிருந்தார்கள். மாசக்கணக்காகத் தினமும் செய்வது போலவே அந்த உடைப்பு முழுக்க வலையை விரித்துவிட்டு, ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கிழிசல் தைக்கணும்னா வூட்டாண்ட இவ்ளோ நீள வலையை எங்க சார் விரிக்கிறது? இங்க காத்து வேற நல்லா வருது."

காற்றாம் காற்று. நூற்றிருபதில் பறக்கிற கார்கள் கிளப்புகிற காற்று. வேதாசலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் எழுப்பிவிடலாம் என்று காலைத் தூக்கினார்.

"தாண்டாத சார்! வலை எங்களுக்கு தெய்வம்."

தூக்கிய காலை இறக்கிக்கொண்டு, அரளிச் செடிக்குள் புகுந்து, சட்டையெல்லாம் இலையாக அந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். வேலூர்க்காரர். இந்த ஊர்ச் சம்பிரதாயமெல்லாம் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

இன்றைக்கு விட்டால் போச்சு. பதினோரு மணிக்கு நெடுஞ்சாலை இன்ஜினியர் வருகிறார். இந்த உடைப்பை மூடச் சொல்லி வேதாசலம் எழுதாத கடிதமில்லை. செடி மறைவிலிருந்து, ஏரியில் பிடித்த மீன் பெட்டியோடு ஒரு பைக் தலை நீட்டும். வேகமாக வருகிற கார்க்காரன் பதறி ஸ்டியரிங்கை ஒடிப்பான். அவ்வளவுதான், கார் உருளும். இரண்டு வருஷத்தில் ஏழு உடல்களை அவரே தூக்கியிருக்கிறார். அதில் ஒன்று கைக்குழந்தை. அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போய் சாப்பிடவில்லை.

மூடாமலும் இல்லை. மூன்று தடவை மூடியாயிற்று. மறுநாளே கடப்பாரையோடு வந்து உடைத்துவிட்டார்கள். பாலத்துக்கு அடியில் புகுந்து சுற்றினால் இரண்டு கிலோமீட்டர், ஐஸ் கரைந்து மீன் நாறிப் போகும் என்பது அவர்கள் கட்சி.

"இன்ஜினியர் வந்து உன்னைப் பார்த்தா, ஊர்க்காரங்க இன்னும் இங்கதான் புழங்கறாங்கன்னு திரும்பிப் போயிடுவாரும்மா. எழுந்திரு. உன் வீட்டுக்காரருக்குக் கால் போனதே இங்கதானே? உனக்கே தெரிய வேணாமா?"

ஊசி கொஞ்சம் நின்றது.

"ஐஸ் கரையுது, சீக்கிரம் வான்னு போன்ல அவரை வெரட்டினவளே நான்தான் சார்," என்றாள். அப்புறம் மறுபடி முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

சாலை ஓரத்தில் ஒரு பைக் வந்து நின்றது. பெட்டி நிறைய இறாலோடு ஊர்ப் பையன் அஜித்குமார்.

"இன்னாக்கா, இன்னுமா முடியல?"

"நாளைக்கு முடிஞ்சிடும்பா. பாலத்துக்கு அடியால போய்க்கோ."

அவன் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான். வேதாசலம் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண்ணெல்லாம் தூரத்தில் வந்த ஜீப் மேலேயே இருந்தது.

இன்ஜினியர் இறங்கியதும் முதல் கேள்வியே அதுதான்.

"இங்க கடைசி விபத்து எப்போ?"

"நாலு மாசம் ஆச்சு சார். அதுக்கப்புறம் ஒண்ணுகூட இல்ல." வேதாசலம் நெஞ்சை நிமிர்த்தினார். "எச்சரிக்கை போர்டு நான்தான் சார் வெச்சேன்."

"இருக்கட்டும். பாலத்துகிட்ட ஒரு மணி நேரம் நின்னு எண்ணிட்டுதான் வரேன். நாப்பது மீன் வண்டி அடியில நுழைஞ்சு போகுது. ஐஸும் கரையல, மீனும் நாறல. அப்புறம் இந்த உடைப்பு யாருக்கு? இன்னைக்கே மூடிடுவோம். எவனாவது கடப்பாரையோட வந்தா, நாலு மாசமா சுத்தித்தானே போனீங்கன்னு கேளுங்க. பதில் சொல்லட்டும்."

வேதாசலத்துக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. அரை மணியில் கிரேனோடு கான்கிரீட் கட்டைகள் வந்தன. முதல் கட்டை வலையை ஒட்டி இறங்கி உட்கார்ந்த பிறகுதான் திரௌபதி எழுந்தாள். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. யாரும் சொல்லாமலே வலையைச் சுருட்டினாள்.

"நாளைக்குத்தான் முடியும்னியே?"

"முடிஞ்சிடுச்சி சார்."

சந்தோஷத்தில் அவரும் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டிக் கொடுத்தார். பாதியில் கை நின்றுவிட்டது. கிழிசலைக் காணோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு கண்ணிகூட அறுந்திருக்கவில்லை. ஏரிச் சேறு இல்லை, ஒரு செதில் இல்லை. ஓரத்தில் கடைக்காரர் கட்டிய விலைச்சீட்டு அப்படியே தொங்கியது.

"புது வலையாம்மா இது? நாலு மாசமா இதுல என்னத்தை சரிபண்ணின?"

திரௌபதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"செவுரு வெச்சா ஒடச்சிடுவாங்க சார். போர்டு வெச்சா படிக்க மாட்டாங்க. ஆனா எங்க ஊர்ல எவனும் வலையைத் தாண்ட மாட்டான்."