அப்பா முகத்தை உரசுங்க

"இது தங்கமா இல்லையான்னு உரசிப் பாருங்க சார்."

பொன்மணி மெடலைக் கண்ணாடி மேஜையின் மேல் வைத்தாள். வைத்தாள் என்ன, அறைந்தாள்.

கேட்கவே கூடாது என்று அவளுக்குச் சொல்லப்பட்ட கேள்வி அது. மெடல்களுக்கெல்லாம் பொறுப்பான, மேடையில் அவற்றை எடுத்துக் கொடுக்கும் தேர்வுப் பிரிவு நெடுஞ்செழியன், பட்டமளிப்பு விழா ஒத்திகையிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"மேடையில குடுக்கறதை ரெண்டு கையால வாங்கணும். கேமராவைப் பாத்து சிரிக்கணும். போய்ட்டே இருக்கணும். அங்கயே பெட்டியைத் திறக்கறது, தங்கமா, எத்தனை பவுன்னு கேக்கறது, இதெல்லாம் அசிங்கம்."

பக்கத்து நாற்காலியில் இருந்த தாவரவியல் கைசர் ஜஹான் பயந்துபோய்த் தலையாட்டினாள். வேதியியல் பொன்மணி ஆட்டவில்லை. ஆனாலும் மேடையில் சொன்னபடியே வாங்கினாள், சிரித்தாள். பெரும்பாக்கம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, அந்த நீல வெல்வெட் பெட்டியைத் திறந்ததும்தான் சிரிப்பு நின்றது.

அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அம்மா சொர்ணம் ஹவுஸிங் போர்டு பிளாக் முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தாள். இப்போது குழாயடியில், "இன்னா சொர்ணம், உன் பொண்ணு வாங்கின தங்கத்தைக் கண்ல காட்ட மாட்டியா? சும்மா பீலா வுட்டியா?" என்று கேட்காத ஆளில்லை. அம்மா தண்ணீர் பிடிக்கப் போவதையே நிறுத்திவிட்டாள்.

அதனால்தான் பொன்மணி நேராக தி.நகருக்கு வந்துவிட்டாள். மெடலைத் தன் தகப்பனார் பெயரில் வருடா வருடம் செய்து கொடுக்கும் நகைக்கடை முதலாளி அய்யாதுரையிடமே.

அய்யாதுரை மெடலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. "ஏம்மா, இது எங்கப்பா முகம்லா? எங்க பட்டறையில அடிச்சு நாங்க குடுத்த தங்கம். இதைப் போயி உரசச் சொல்லுதியே!"

"அப்பா முகத்தையே உரசுங்க சார். மூக்கு நல்லா எடுப்பா கீது, அங்கயே உரசலாம்."

அய்யாதுரை முறைத்துக்கொண்டே உரைகல்லை எடுத்தார். ஓர் இழுப்பு. மேலே ஒரு சொட்டுத் திராவகம். மஞ்சள் கோடு பொங்கி, பச்சையாகி, காணாமல் போனது.

"பித்தளை!" அவர் மெடலை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதானே பாத்தேன். எங்கப்பாவுக்குச் சப்பை மூக்குல்லா! எவனோ பாத்து அடிச்சிருக்கான்." சட்டென்று அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நெசத்தை வித்துப்புட்டு, இதைக் கொண்டாந்து நிக்கியோ?"

பொன்மணிக்கு முகம் சிவந்தது. "குடுத்தவரைக் கூப்ட்டுக் கேளுங்க. நெசத்தைத்தான் என் கையில குடுத்தேன்னு அவர் உங்க முன்னாடி சொல்லட்டும். நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு வரேன்."

மெடல் தருகிற புரவலர் கூப்பிட்டால் நெடுஞ்செழியன் பறந்து வருவார். வந்தார்.

"என்ன சார் அவசரம்? அடுத்த வருஷ மெடல் விஷயமா?" என்று சிரித்துக்கொண்டே உட்காரப் போனவர், மேஜையைப் பார்த்தார். உட்காரவில்லை.

"இது... இது நாங்க குடுத்தது இல்ல சார்!"

"அப்பம் நீங்க குடுத்தது எங்க?"

நெடுஞ்செழியன் பொன்மணியைப் பார்த்தார். அவள் இமைக்காமல் அவரையே பார்த்தாள்.

"சொல்லுங்க சார். மேடையில என் கையில இன்னா குடுத்தீங்கன்னு நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

அவர் அய்யாதுரையின் பக்கம் திரும்பினார். குரல் மாறியிருந்தது.

"பெட்டி மாறிப் போயிருக்கும் சார். கூட்டத்துல நடக்கறதுதான். ஒரிஜினல் ஆபீஸ் லாக்கர்ல பத்திரமா இருக்கு. இதோ எடுத்துட்டு வந்துடறேன்."

"மாறிப்போனது தெரியலை, பத்திரமா இருக்கது மட்டும் தெரியுதோ?" என்றார் அய்யாதுரை. அதற்குள் நெடுஞ்செழியனின் ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

திரும்பி வந்தபோது மெடல் ஒரு கைக்குட்டைக்குள் இருந்தது. பிரித்ததும் கடை முழுக்க அந்துருண்டை வாசனை.

"உங்க ஆபீஸ் லாக்கர்ல பட்டுப் புடவைகூட வைப்பீங்களா சார்?" என்றாள் பொன்மணி. நெடுஞ்செழியன் கூரையில் மின்விசிறி இருக்கிறதா என்று தேடினார்.

அய்யாதுரை உரசினார். இந்தக் கோடு திராவகத்துக்கு அசையவில்லை. மூக்கும் சப்பை. இரண்டு கையாலும் எடுத்து பொன்மணியிடம் கொடுத்தார். "மன்னிச்சிக்கோம்மா, உன்னையப் போயி சந்தேகப்பட்டுட்டேன். அடுத்த வருசம் மேடைக்கு நானே வந்து என் கையால குடுக்கேன்." கடைசி வார்த்தை நெடுஞ்செழியனைப் பார்த்துச் சொல்லப்பட்டது.

நெடுஞ்செழியன் மெல்லப் பித்தளையின் பக்கம் கை நீட்டினார். "இதை நான் டிஸ்போஸ் பண்ணிடறேன்மா."

"வேணாம் சார். என்கிட்டயே இருக்கட்டும்." பொன்மணி இரண்டு மெடலையும் பைக்குள் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கடையை விட்டு இறங்கினாள். அடுத்து என்ன செய்வது என்று வரும்போதே முடிவு செய்தாகிவிட்டது. பாண்டி பஜார் கூட்டத்தில் நடந்துகொண்டே போனைக் காதில் வைத்தாள்.

"கைசர், மேடையில உனக்கும் என்னை மாதிரி காலி டப்பாதானே குட்த்தாங்கோ? நந்தனத்துல எனக்குப் பித்தளையில மெடல் அடிச்சுக் குடுத்தாரே, அந்தக் கோப்பைக் கடைக்கு வந்துரு. உன் மெடல்ல இருக்க வேண்டிய பட்டுக்கடைக்காரர் போட்டோ ஒண்ணு எடுத்துக்கினு வா... மூக்கு தெளிவா தெரியணும்!"