தொத்து இருமல்

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வெளியே போகும் வரிசையில் அவள் மறுபடியும் இருமினாள். அடிவயிற்றிலிருந்து வந்த இருமல். முன்னால் நின்றவர்கள் இரண்டு எட்டு தள்ளிப் போனார்கள்.

"என்ன தங்கச்சி, நாலு நாளாச்சு, இன்னும் விடலையா?" என்றார் கேட் வாட்ச்மேன். "நம்ம கூடை சாருக்கும் இதே இருமல்தான், வருஷக்கணக்கா. அவர்கிட்டேயிருந்துதான் உனக்குத் தொத்தியிருக்கும். சுடுதண்ணி குடி."

"குடிக்கிறேண்ணே" என்று சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியேறினாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் இருமல் போன இடம் தெரியவில்லை. டிபன் பாக்ஸின் மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள் இருந்தன. மெல்லத் திறந்தாள். பழைய துணிக்குள்ளிருந்து ஒரு கோழிக்குஞ்சு தலையை நீட்டி, "கீச்" என்றது.

"வாயை மூடுடி. நீ கத்துறது கேக்கக் கூடாதுன்னு இருமி இருமி என் தொண்டை கிழியுது."

அவள் வேலை பார்ப்பது குஞ்சு பொரிக்கும் பண்ணையில். தட்டில் வந்து விழும் குஞ்சுகளைத் தரம் பிரிக்க வேண்டும். திடமாக நிற்பவை மஞ்சள் பெட்டிக்கு. கால் வளைந்தது, துவண்டது எல்லாம் சிவப்புக் கூடைக்கு. கூடைக்குப் போனது திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

மேற்பார்வையாளர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு நாள் முழுக்க "கூடை… கூடை…" என்று விரலைக் காட்டுவார். அதனாலேயே அவருக்கு அந்தப் பெயர். கல்லில்கூட ஈரம் இருக்கும், இந்த மனுஷன் நெஞ்சில் இருக்காது என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

இந்தக் குஞ்சையும் அவர்தான் கூடை என்றார். கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்து கிடந்தது. ஆனால், தூக்கியபோது அவள் விரலைக் கொத்தியது. சாகிறது கொத்துமா? கை கூடைக்குப் போகாமல் கோட்டுப் பைக்குள் போய்விட்டது.

முதல் நாளே வீட்டில் கணவன் தலையில் அடித்துக்கொண்டான். "நோய் பரவும்னு அங்கே போர்டே வச்சிருக்கான். ஒரு இறகு வெளிய போனாலும் சீட்டைக் கிழிச்சிருவான். நானே வேலை தேடித் தெருத்தெருவா அலையுறேன். உன் வேலையும் போச்சுன்னா இந்தக் குஞ்சா சோறு போடும்?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் அவள் குஞ்சை மடியில் வைத்துக்கொண்டாள். விரிந்த கால்களைப் பிளாஸ்திரித் துண்டால் சேர்த்துக் கட்டினாள். சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அலகோரம் விட்டாள்.

தண்ணீர் மணிக்கொரு தரம் விட வேண்டும்; சூடும் குறையக் கூடாது. பகலில் வீட்டில் ஆள் கிடையாது. கைப்பிள்ளைக்காரி மாதிரி அதை வேலைக்கே தூக்கிக்கொண்டு போனாள். பொரிப்பு அறையில் ஆயிரம் குஞ்சு கத்தும்போது இது ஒன்று கத்துவது யார் காதில் விழப்போகிறது? கண்டமெல்லாம் கேட்டில்தான்.

ஐந்தாம் நாள் குஞ்சு எழுந்து நின்றது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நின்றதும் தெம்பு வந்தது, தெம்பு வந்ததும் தொண்டை திறந்துவிட்டது. பிழைக்க வைத்தவளுக்கே வினையாக, பாக்ஸுக்குள் ஒரே கச்சேரி.

அன்று சாயங்காலம் வேண்டுமென்றே கடைசி ஆளாக வந்தாள். கேட்டில் வாட்ச்மேனுக்குப் பக்கத்தில் கூடை சாரே நின்றுகொண்டிருந்தார், தோளில் தன் சாப்பாட்டுப் பையோடு.

அவள் இருமினாள். இன்னொரு தரம் பலமாக இருமினாள். மூச்சு வாங்க நிறுத்திய அந்த ஒரு நொடியில், "கீச்."

கூடை சார் திரும்பவே இல்லை. "வாட்ச்மேன், லாரி வருதான்னு ரோட்டுல போய்ப் பாரு" என்றார். வாட்ச்மேன் போனதும், "பாக்ஸைத் திற" என்றார்.

மூடியைத் திறந்தாள். "சார், வேலைய மட்டும் எடுத்துராதீங்க சார். வீட்டுல என் ஒருத்தி சம்பளம்தான். கூடையில போட வேண்டியதுதான் சார், ஆனா பொழைச்சிருச்சு. பாருங்க, நிக்குது."

அவர் குனிந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காலில் இருந்த பிளாஸ்திரியை ஒரு விரலால் தொட்டார்.

"கட்டு இறுக்கமா இருக்கு. இன்னைக்கே அவுத்துடு."

அவள் திகைத்து நின்றாள். பாக்ஸுக்குள் குஞ்சு மறுபடியும் "கீச்" என்றது. அதற்குப் பதில் சொல்வதுபோல அவருடைய சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து இன்னொரு "கீச்" வந்தது.

கூடை சார் லொக்கு லொக்கென்று இருமினார். ரோட்டிலிருந்து வாட்ச்மேன் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ரெண்டு பேரும் இருமினா அந்த ஆளுக்குச் சந்தேகம் வந்துரும்மா. நாளையிலேர்ந்து நீ தும்மு."