பனிச்சுவருக்குள் ஒரு கையுறை

ஹார்பின் நகரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிக்கொண்டு வருகிறது. உறைந்த ஆற்றிலிருந்து அறுத்து வந்த பனிப்பாளங்களை அடுக்கி, திருவிழாவுக்காக எழுப்பிய கோட்டையின் அடியில் ரூயியும் அவள் அக்கா பெய்லானும் குச்சி ஐஸ் தின்றபடி நிற்கிறார்கள். “இந்தக் குளிர் தொடக்கத்துல, ஆறு அப்பத்தான் உறைய ஆரம்பிச்சுது. குறுக்கால நடந்து அக்கரைக்குப் போயிட்டு வர்றேன்னு கிளம்புனவன்டி உன் புருஷன். இப்ப தெற்கே எவகூடவோ வெயில் காஞ்சுக்கிட்டிருப்பான்.” “ஐஸைத் தின்னுக்கா.” பாளங்களுக்குள் வெள்ளை விளக்குகள் எரிகின்றன. கூட்டம் ஹோவென்கிறது. கலங்கலாக இருந்த சுவர் கண்ணாடியாகத் தெளிகிறது. ரூயியின் முகத்துக்கு நேரே, பனிக்குள், கம்பளிக் கையுறை ஒன்று விரல்களை விரித்தபடி நிற்கிறது. முழுக்கச் சிவப்பு, கட்டைவிரல் மட்டும் மஞ்சள். புருஷனுக்குப் பின்னும்போது சிவப்பு நூல் தீர்ந்துபோக, ரூயியே மஞ்சள் நூலால் பின்னி முடித்த விரல் அது. பெய்லானின் கையிலிருந்து குச்சி ஐஸ் நழுவி விழுகிறது. ரூயி தன் கையுறையைக் கழற்றி, வெறும் உள்ளங்கையை அதற்கு நேராகப் பனியில் வைக்கிறாள். தோல் ஒட்டிக்கொள்கிறது, அவள் எடுக்கவில்லை. பின்னால் ஒருவர் கைபேசியை உயர்த்திப் பிடித்திருக்கிறார். “கொஞ்சம் தள்ளிக்கிறீங்களாம்மா? அந்தக் கையுறை ரொம்ப அழகா வச்சிருக்காங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்.”