நகைச்சுவைக்கு அஞ்சலாட்சி

மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருக்கும் நாவலாசிரியை கலைமதியின் கைப்பேசியில் பத்திரிகைக்கான இந்த மாதப் பரிந்துரைகள் முக்கால்வாசி முடிந்துவிட்டன. புத்தகம், பாட்டு, படம் மூன்றும் எழுதியாயிற்று. நகைச்சுவை மட்டும் பாக்கி. ஊர் பேர் தெரியாத ஆளெல்லாம் வேண்டாம், வீடியோ இருக்கிற ஆளாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு இப்போதுதான் பத்திரிகை ஆசிரியர் போனை வைத்திருக்கிறார். எதிரே அவள் அண்ணன் குழந்தைவேலின் வயலில் நடவு நடக்கிறது. பதினோரு மணி வெயில் தண்ணீரில் தகதகக்கிறது. முழங்கால் சேற்றில் நிற்கும் அஞ்சலாட்சி, ஈரம் சொட்டும் நாற்றுமுடியைப் போன் போலக் காதில் வைத்து, வயிற்றை முன்னால் தள்ளி, அப்படியே குழந்தைவேலாக மாறுகிறாள். "ஆமாம்பா, சேத்துலதான் நிக்கறன். நான் எறங்கலன்னா இங்க ஒரு வேல ஆவாது!" நடவுப் பெண்கள் குனிந்த முதுகு குலுங்கச் சிரிக்கிறார்கள்.

வாய்க்கால் மேட்டில் பைக் வந்து நிற்கிறது. சிரிப்பு சட்டென்று அடங்குகிறது. பளபளக்கும் தோல்செருப்போடு குழந்தைவேல் இறங்குகிறார். அஞ்சலாட்சி அவரை நேராகவே பார்க்கிறாள். நாற்றுமுடியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "கொஞ்சம் இருப்பா, மேட்டுல யாரோ வந்து நிக்கறாங்க." சிரிப்பு முன்னைவிடப் பெரிதாக வெடிக்கிறது. அண்ணன் முகம் சிவந்து தங்கையிடம் திரும்புகிறார். "இவ பண்றத பாத்துக்கினு நீ இன்னா எழுதற?"

"அவளப் பத்திதான்ணா."

தலை நிமிராமல் தட்டுகிறாள் கலைமதி: 'நகைச்சுவை: அஞ்சலாட்சி, கரையாம்புத்தூர். வீடியோ கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கிப் பார்க்கவும்.'

அனுப்பிவிடுகிறாள்.