படத்தில் வராத இடம்

பேதுருவின் மூக்கிலிருந்து வடிந்த இரத்தம் தரையில் விரித்திருந்த வள்ளத்துப் பாய்ச்சீலையில் சொட்டி, அதில் கரியால் கீறியிருந்த கடலை நனைத்தது. துடுப்பை ஓங்கி நின்ற யாகோப்பை நாலுபேர் பிடித்தும் அடக்க முடியவில்லை.

"அந்தப் புள்ளியை அழி. இல்லாட்டி உன்ரை மண்டையைப் பிளப்பன்."

சண்டை ஒரு கரிப்புள்ளிக்காகத்தான். மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து குருநகருக்கு வந்த மீனவர்களுக்கு இந்தக் கடல் தெரியாது. தெரியாமல் போய்க் கடலடிக் கற்பாரில் வலையைக் கிழித்தவர்களும் உண்டு, நேவியின் சூட்டில் செத்தவர்களும் உண்டு. எல்லாருக்கும் பொதுவாக ஒரு கடல்படம் கீறுவோம், யாரும் பார்த்து எடுக்கலாம், தெரிந்ததைச் சேர்க்கலாம் என்று குருநகர் மீனவர் சங்கம் தீர்மானித்தது.

எதைப் போடுவது, எதை விடுவது என்று சங்கக் கொட்டிலில் காலை முழுக்க இழுபறி. கற்பார், ஆழம், நீரோட்டம் எல்லாம் ஏறின. இந்தியாவுக்கு ஆள் ஏற்றும் பாதை மட்டும் வேண்டாம், படம் நேவியிடம் அகப்பட்டால் எல்லாரும் தொலைந்தோம் என்றார் தலைவர் செபமாலை. அதை விட்டுவிட்டார்கள்.

பெட்டகச் சாவியைத் தந்தாலும் மீன்படும் இடத்தைச் சொல்லமாட்டார்கள் கடலோடிகள். ஆனாலும் வந்த சனத்தின் கோலத்தைப் பார்த்து ஒவ்வொருவராகச் சொன்னார்கள். யாகோப்பு வாயே திறக்கவில்லை. பின்னேரங்களில் அவன் வள்ளம் தனியே நிற்கும் இடத்தை, படம் கீறிக்கொண்டிருந்த பேதுருவே புள்ளியாக வைத்தான். வள்ளம் நிற்கிற இடத்தில் மீன் நிற்கும் என்பது குருநகரில் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

யாகோப்பு முன்பு இப்படிப்பட்டவனல்ல. மகன் லியோனை இந்தியாவுக்கு ஏற்றிப் போய்வந்த நாளிலிருந்துதான் இந்த மூர்க்கம். வழியில் நேவி துரத்தியதாம். வள்ளத்தில் சூட்டு ஓட்டைகள், நங்கூரக் கல்லையும் காணவில்லை. லியோன் மண்டபம் முகாமில் பத்திரமாக இருக்கிறான் என்று சொன்னதோடு சரி, பிறகு யாரோடும் பேச்சில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த யாகோப்பின் மனைவி லூர்த்தம்மா துடுப்பைப் பறித்தாள்.

"எங்கடை பெடியனும் மண்டபத்திலை அகதியாத்தான் கிடக்கிறான். அவனைப்போல வந்த சனத்துக்கு ஒரு இடத்தைக் காட்டினால் என்ன குறைஞ்சு போகும்? லியோன் கேட்டால் வெக்கப்படுவான்."

பிடித்திருந்தவர்கள் யாகோப்பை விட்டார்கள். அவள் பேதுருவின் முகத்தைக் கழுவத் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனாள்.

அடிபட்ட ஆத்திரம் பேதுருவுக்கு அடங்கவில்லை. கரியை எடுத்து அந்தப் புள்ளியை இன்னும் தடிப்பாக்கினான்.

"விடிஞ்சாப்போல முதல் வலை நான்தான் அதிலை போடுவன்."

யாகோப்பு வாசலைப் பார்த்தான். லூர்த்தம்மா கிணற்றடியில்தான் நின்றாள். அவன் பேதுருவின் முன்னால் முழந்தாளிட்டு, புள்ளியை உள்ளங்கையால் பொத்தினான். மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான்.

"வலை போடாதை, பேதுரு. நங்கூரக் கல்லோடை லியோன் அதிலைதான் கிடக்கிறான்."