ஓலவி வீட்டுக் கணினி

கேபிளைப் பிடுங்கியது ஓலவிதான். நான் பார்த்துவிட்டேன்.

காரிலிருந்து இன்னொரு பென் டிரைவை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அவர் மேசைக்குப் பின்னால் குனிந்திருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

ஐந்து நிமிடத்துக்கு முன்பு திரையில் தெரிந்த பேக்கப் டிஸ்க் இப்போது இல்லை.

"மறுபடியும் போச்சா?" என்றார். "அதுவும் செத்திருக்கும்மா. பழசுதானே."

நான் கேபிளைத் திரும்பச் செருகினேன். டிஸ்க் வந்தது. அவர் முகம்தான் வாடிப்போனது.

ஃபின்லாந்தின் கயானி என்ற ஊரில் எனக்குச் சின்னதாக ஒரு கணினிக் கடை. கூப்பிட்டால் வீட்டுக்கும் போவேன். ஓலவியின் வீடு என்றதும் தயங்கினேன். ஊரில் யாரானாலும் தயங்கியிருப்பார்கள்.

ஏழு வருடத்துக்கு முன்பு அவருடைய மகள் இலோனா காணாமல் போனாள். பேருந்து நிலையத்தில் அவளுடைய கார் பூட்டியபடி நின்றது. கிடைத்தது அவ்வளவுதான். கடைசியாக அவளோடு பேசியவர் அப்பா.

போலீஸ் மூன்று முறை விசாரித்துவிட்டு அவரை விட்டுவிட்டது. ஊர் விடவில்லை.

நானும் விடவில்லை.

போன வாரம் அவருடைய கணினியின் டிஸ்க் செத்துப்போனது. புதிய டிஸ்க்கை மாட்டிவிட்டேன். பேக்கப்பில் இருக்கும் முழுப் பிரதியை அதில் இறக்கினால் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

எல்லாம் என்றால், இலோனாவைத் தேடிச் சேர்த்த எல்லாமும்தான். வரைபடங்கள், கடிதங்கள், எங்கோ ஒரு துறைமுகத்தில் அவளைப் பார்த்ததாகச் சொன்னவர்களின் பட்டியல், நாலாயிரம் படங்கள்.

என்னைப் போனில் கூப்பிட்டது அவர் மனைவி ரைலி. "எப்படியாவது வர வச்சிடு, தாரு" என்றாள்.

இந்த மனிதரோ கேபிளைப் பிடுங்குகிறார்.

அடுத்து, பேக்கப்பைத் திறக்கப் பாஸ்வேர்டு கேட்டது. ஓலவி இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

தவறு என்றது.

பென் டிரைவில் இருக்கும் மீட்பு மென்பொருள் ஆங்கில விசைப்பலகையோடு திறக்கும். நம் ஃபின்னிஷ் மொழியில் தலைமேல் இரட்டைப் புள்ளி வைத்த எழுத்துகள் அதில் வேறு ஏதோவாக விழும். ஃபின்னிஷுக்கு மாற்றிக் கொடுத்தேன். மறுபடியும் தவறு. மூன்றாவது தடவையும் தவறு.

"வேற ஏதாவது பாஸ்வேர்டு வச்சிருந்தீங்களா?"

"ஒண்ணே ஒண்ணுதான். ஏழு வருஷமா அதேதான்."

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. கேபிளைப் பிடுங்கிய கைக்கு ஓர் எழுத்தை மாற்றித் தட்ட எவ்வளவு நேரமாகும்?

அந்த டிஸ்க்கில் அவர் யார் கண்ணிலும் பட விடாத ஒன்று இருக்கிறது. டிஸ்க்கை என் பைக்குள் போட்டுக்கொண்டு நேரே போலீசுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

"விறகு பிளக்கணும்" என்று சொல்லிவிட்டு ஓலவி வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பனிக்கு நடுவே கோடரியோடு நின்றார். ஆனால் பிளக்கவில்லை.

ரைலி காபியோடு வந்தாள். கதவைச் சாத்தினாள்.

நான் குரலைத் தாழ்த்தினேன். "ரைலி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நான் முதல்ல சொல்லிடறேன்" என்றாள். "பேக்கப்போட பாஸ்வேர்டை மாத்தினது நான்."

காபித் தட்டை வைக்க இடம் தேடினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

"இந்தச் சனியன் கடகடன்னு சத்தம் போட ஆரம்பிச்ச அன்னைக்கே மாத்திட்டேன். போலீஸ்கிட்ட எல்லாத்துக்கும் நகல் இருக்கு, தாரு. இவர் ஏன் தினம் காலையில எட்டு மணிக்கு இதுக்கு முன்னாடி உக்காரணும்? அவ இல்லைன்னு எனக்கு எப்பவோ தெரியும். அதை இவர்கிட்ட என் வாயால எப்படிச் சொல்றது? கூப்பிடாம இருந்தா நான் கைவிட்டுட்டேன்னு நினைப்பார். அதான் உன்னைக் கூப்பிட்டேன். நீயே வராதுன்னு சொல்லிடு."

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது.

"கேபிளை அவர் பிடுங்கினார்" என்றேன். "நான் பார்த்தேன்."

"யாரு?"

"ஓலவி. நான் கார்கிட்ட போயிருந்தப்ப."

ரைலி ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாள். பிறகு கோட்டுகூடப் போடாமல், வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கிப் போனாள்.

அவள் என்ன சொன்னாள் என்பது என் காதில் விழவில்லை. ஓலவி கோடரியை மரக்கட்டையில் கொத்தி நிறுத்தினார். தொப்பியைக் கழற்றி அவள் தலையில் மாட்டினார். வெகுநேரம் அப்படியே நின்றார்கள்.

உள்ளே வந்தபோது இருவருக்கும் மூக்கு சிவந்திருந்தது.

"தேடறதை நான் நிறுத்திட்டா இவ உடைஞ்சுடுவான்னு பயந்தேன்" என்றார் ஓலவி, என்னிடமா சுவரிடமா என்று தெரியாமல். பிறகு என் பக்கம் திரும்பினார். "புது டிஸ்க்ல பழசு எதுவும் இல்லாம போட எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு மணி நேரம்."

"அப்ப சாப்பிட்டுட்டுப் போடு" என்றாள் ரைலி. பேக்கப் டிஸ்க்கை ஒரு துண்டில் சுற்றி அலமாரியில் வைத்தாள். எறியவில்லை.

வியாழக்கிழமை என்றால் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் பட்டாணி சூப்தான். மூன்று தட்டுகள்.

பாதிச் சாப்பாட்டில் ஓலவி கேட்டார். "உனக்கும் என் மேல சந்தேகம்தானே?"

ரைலியின் கரண்டி நின்றது.

"ஆமா" என்றேன். "இன்னைக்கு வரைக்கும்."

அவர் தலையாட்டினார். சூப்பில் கலக்கும் கடுகு விழுதுக் குப்பியை என் பக்கம் நகர்த்திவைத்தார்.