மீன் சந்தையில் ஒரு கும்பிடு

மீன் சந்தையின் ஈரத் தரையில் காலை வெயில் செதில் செதிலாய்ச் சிதறிக் கிடக்கிறது. மாகாண ஆளுநர் தேர்தலுக்கு இன்னும் மூன்றே நாள். நேற்றுவரை ஊதாச் சட்டையில் ஓட்டுக் கேட்ட வேட்பாளர் பியோன், இன்று எதிராளி நாம்குங்கின் கட்சிப் பச்சைச் சட்டையில், அவர் கையையே கோத்துக்கொண்டு வருகிறார். கடைக்குக் கடை இடுப்பொடியக் குனிகிறார். "அக்கா, நான் விலகிட்டேன். உங்க ஓட்டை அண்ணனுக்குப் போட்ருங்க." கணவாய் விற்கும் சுன்-ஒக் கத்தியைக் கீழே வைக்கவில்லை. பியோனுக்காகச் சண்டை போட்டு, பக்கத்துக் கடைக்காரியோடு ஒரு மாதமாகப் பேச்சில்லை அவளுக்கு. "முந்தாநாள் அவரைத் திருடன்னீங்க, இன்னைக்கு அண்ணனா? அழுகின மீனை நாங்ககூட இவ்வளவு சீக்கிரம் புதுசாக்க மாட்டோம் தம்பி." பியோன் சிரிப்பு மாறாமல் இன்னும் தாழக் குனிகிறார். "ஓட்டு மட்டும் மறந்துராதீங்க." "தேர்தல் நாளுக்கு முன்கூட்டியே ஓட்டுப் போடலாம்னு நீங்கதானே விரட்டுனீங்க? வெள்ளிக்கிழமையே உங்களுக்குப் போட்டுட்டேன். விலகின ஆளுக்கு விழுந்த ஓட்டு இப்பச் செல்லாதாமே?" சுன்-ஒக் கத்தி முனையால் பக்கத்துக் கடையைக் காட்டுகிறாள். "அடுத்த கடைக்குப் போங்க. இங்க சரக்கு தீந்துபோச்சு."